அத்தான் பார்க்காத கடற்சிங்கம்

லண்டன் சட்டனில் ஒரு கண்ணாடிக் கடையில், கடலுக்குள் பார்க்கும் முகமூடிக்கு அத்தான் பவர் கண்ணாடி போடுவித்தார். அதை மாட்டிக்கொண்டு வீட்டில் செய்தி பார்ப்பார். அக்கா தலையில் கை வைப்பாள். அத்தானுக்குச் சர்க்கரை வியாதியில் வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பது வருடம் பெட்ரோல் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மனிதர், "பார்வை போக முதல் ஒரு கடற்சிங்கத்தைக் கிட்ட நிண்டு பாக்கோணும் தம்பி" என்றார். கப்பல் என்றாலே அக்காவுக்கு வாந்தி. அதனால் துணைக்கு நான்.

பயணப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, கண்ணால். எனக்கும் தெரியாது, ஏழாம் வகுப்போடு நின்ற இங்கிலீஷால். லண்டனுக்கு வந்த நாள் முதல் எந்தப் படிவத்திலும் 'யெஸ்', அதாவது 'ஓம்' கட்டத்துக்குத்தான் சரி போடுவேன். வேலை, வீடு எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான். நீந்தத் தெரியுமா என்ற கேள்விக்கும் ஓம் விழுந்திருக்கிறது. நானோ, கிணற்றில் வாளி விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறவன்.

இருபது பேர் மட்டும் போகும் சின்னக் கப்பல். கடற்சிங்கங்களோடு நீந்த ஒரே ஒரு நாள்தான். சோடி சோடியாகத்தான் விடுவார்கள். ஒருவர் போகாவிட்டால் மற்றவரும் போக முடியாது. அது தெரிந்தபோது நான் ஏற்கெனவே தண்ணீருக்குள், ரப்பர் படகின் கயிற்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் சிறுபிள்ளை மாதிரி மிதந்துகொண்டு கையை நீட்டினார்.

"கயித்தை விடு தம்பி. நான் பிடிக்கிறன்."

"ஏலாது அத்தான்."

"நீந்தத் தெரியுமெண்டனி?"

"படிவத்துக்குத்தான் தெரியும்."

அவர் சிரித்தார். அந்த நேரம் என் முகத்துக்கு முன்னால் ஏதோ பெரிதாய் வந்து மூச்சு விட்டது. மீன் நாற்றம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"உனக்கு முன்னாலைதான் நிக்குது போல. எனக்கு இஞ்சையிருந்து நிழல் மாதிரித்தான் தெரியுது. வா தம்பி, ரெண்டு அடிதான்."

நான் அசையவில்லை. வழிகாட்டிப் பெண் இரண்டு பேரையும் மேலே ஏற்றிவிட்டாள். மற்றவர்கள் நீந்தி முடிக்கும்வரை அத்தான் ஈர உடுப்போடு படகில் இருந்து, சத்தம் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இப்போது இடது கண்ணும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் இருக்கும் மனோர் பார்க்கிலிருந்து சட்டனுக்குப் போகிறேன். ஊர்க் கதை, கவுன்சில் கதை எல்லாம் முடிந்த பிறகு அவர் மெல்லக் கேட்பார். போன ஞாயிறும் கேட்டார்.

"அந்தக் கடற்சிங்கத்தின்ரை கண் என்ன நிறம் தம்பி?"

"நல்ல கறுப்பு அத்தான். பளபளவெண்டு."

என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"முந்தின கிழமை மண்ணிறம் எண்டனி."

பகிடி விட வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஏதாவது ஒரு நிறத்திலை நில்லு தம்பி," என்றார். "நான் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."