பனித்தாத்தாவின் பந்தி

கண்ணாடியைக் கழற்றிப் பனியன் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, கழுத்தை இரண்டு பக்கமும் ஒரு சொடுக்குச் சொடுக்கி, ஏழரை மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பெட்டி சார் தாடி வைத்துக்கொள்கிறார். திரையில்தான். இடுப்புவரை தொங்கும் வெள்ளைத் தாடி, சிவப்பு அங்கி, கனத்த பூட்ஸ். திரைக்கு இந்தப் பக்கம் பனியனும் அரைக்கால்சட்டையும். இங்கே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, அங்கே பனி கொட்டுகிறது. "ஹோ ஹோ ஹோ" என்று மைக்கில் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சளி பிடித்திருப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா?

அது பனியூர், கணினிக்குள் இருக்கும் ஓர் ஊர். எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு அங்கே வீடு கட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள், வம்பு பேசுகிறார்கள். டிசம்பர் பிறந்தால் ஊர் முழுக்கப் பனி. பெட்டி சாரின் மாளிகையைப் பார்க்கவே கூட்டம் வரும். கூரைமேல் பதினான்கு மான்கள், மேகத்துக்குள் நுழையும் மரம், அதில் அவரே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்ட நாலாயிரம் விளக்குகள். நிஜ வீட்டின் பிளாஸ்டிக் மரம் போன வருஷம் கட்டிய கயிறு அவிழாமல் அலமாரிமேல் படுத்திருக்கிறது. "ஸ்டூல் மேல ஏறி ஒரு நட்சத்திரம் மாட்டுங்கன்னா முட்டி வலிக்குதாம். அங்க கூரை மேல மான் ஓட்டுறாரு" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். அவள் வார்த்தைகளை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. காதில் ஹெட்போன் இருக்கிறது.

பகலில் அவருக்கு விமான நிலையத்தில் வேலை. தொலைந்த பெட்டிகளுக்குப் புகார் வாங்கும் ஜன்னல். அதனால்தான் பெட்டி சார். டிசம்பரில் அங்கே கூட்டம் தாங்காது. பேரக்குழந்தைக்கு வாங்கிய பொம்மை, அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சட்டை, எல்லாமே வேறு ஏதோ ஊருக்குப் போயிருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பவர்களிடம் அவர் தலையை நிமிர்த்தாமல் நீலப் படிவத்தை நீட்டுவார். "வந்துடும், வந்துடும். பெட்டிக்கு என்ன காலா முளைச்சிருக்கு, எங்கயாச்சும் ஓடிப்போக?" காலில்லாத பெட்டி பின்னே எப்படிக் காணாமல் போனது என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டால் அதற்கு வேறு ஜன்னல்.

அதே மனிதர் பனியூரில் வள்ளல். தினமும் முப்பத்திரண்டு பேருக்குப் பரிசுப் பெட்டி கொடுப்பார். ஒருநாள் நீலப்பூனை என்ற புனைபெயர்க்காரிக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை. பெட்டி சார் துடித்துப் போய்விட்டார். அலுவலக நேரத்திலேயே பதினோரு வரியில் மன்னிப்புக் கடிதம் எழுதி, மணி கட்டிய இன்னொரு பெட்டியைத் தன் கையால் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தார். அந்தக் கடிதம் எழுதி முடிக்கும்வரை, மாத்திரைகள் இருந்த பையைத் தொலைத்த ஒரு பெண்மணி ஜன்னலுக்கு வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

ஆனாலும் தொழில் புத்தி எங்கே போகும்? அவர் மாளிகையில் பரிசுக்கும் சீட்டு உண்டு, எண் உண்டு. எண்ணைச் சொல்லாதவருக்குப் பெட்டி கிடையாது. விருந்து மேஜையில் முப்பத்திரண்டு நாற்காலிகள். நட்சத்திரம் சேர்த்தவர்கள்தான் உட்காரலாம். புதிதாக வந்தவர்கள் வெளியே பனியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். "ரூல்னா ரூல்தான். இல்லன்னா சந்தைக்கடை ஆயிடும்" என்பார்.

இருபத்துநான்கு மாலைகள் ஒன்றுகூட விடாமல் விருந்து வைப்பவருக்கு 'ஊர்த்தாத்தா' பட்டம். இருபத்துமூன்று முடிந்திருந்தது. அந்தக் கடைசி மாலையில்தான் அவருடைய அக்கா வருவதாக இருந்தது.

அக்கா ஒன்பது வயது மூத்தவர். மருத்துவமனையில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். இவருக்குத் தலை வாரி, மூக்கைத் துடைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவர். இப்போது மகளோடு இருப்பதற்காக ஒரேயடியாகக் கடல் தாண்டிப் போகிறார். "இனிமே இந்தப் பக்கம் வருவேனோ மாட்டேனோ, முழங்கால் ரெண்டும் கெடு வச்சிடுச்சு. ஏர்போர்ட்டுக்குப் போற வழியில உன் வீட்ல இறங்கி, உன்னோட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறேன்டா" என்று போனில் சொல்லியிருந்தார். "தாராளமா வாக்கா" என்றார் பெட்டி சார். மணி என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

அக்கா ஆறு மணிக்கு வந்தார். எட்டரைக்கு வண்டி சொல்லியிருந்தார். பெட்டி சார் ஒரு மணி நேரம் அன்பாகத்தான் பேசினார். எந்த விமானத்தில் எத்தனை பெட்டி தொலைகிறது என்று புள்ளிவிவரத்தோடு விளக்கினார். அக்கா தன் பெட்டியை ஒருமுறை பயத்தோடு பார்த்துக்கொண்டார். ஏழேகாலுக்கு இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவி சாப்பாட்டு மேஜையில் கோழியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைக்க, இவர் கணினியை எடுத்துவந்து அதே மேஜையில், கேக்கை நகர்த்திவிட்டு, அதன் இடத்தில் வைத்தார்.

"டேய், இன்னிக்கு ஒருநாள் அதை மூடி வையேன்" என்றார் அக்கா.

"இன்னிக்கு இருபத்துநாலாவது நாள்க்கா. விட்டா எல்லாம் போச்சு." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "நீயும் உள்ள வந்துடேன்! ரெண்டும் ஒண்ணா முடிஞ்சுடும்."

மனைவியின் போனைப் பிடுங்கி அக்காவுக்கு ஓர் உருவம் செய்தார். புதியவர்களுக்குச் சாம்பல் நிறச் சட்டையும் மொட்டைத் தலையும்தான் முதலில் கிடைக்கும்.

"முடி இல்லையாடா?"

"முடி அப்புறம் வச்சுக்கலாம்க்கா. டைம் ஆச்சு."

அக்கா விரலால் தள்ளித் தள்ளி உள்ளே போனார். முதலில் ஒரு மரத்தின்மேல் மோதினார். பிறகு சுவரைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார். ஒருவழியாக வாசலுக்கு வந்தபோது கதவு திறக்கவில்லை.

"ஸ்டார் இல்லாம உள்ள விடாதுக்கா. வெளிய நில்லு. ஜன்னல் வழியா எல்லாம் நல்லா தெரியும்."

"நான் உன் பக்கத்துலதானேடா உட்கார்ந்திருக்கேன்?"

"அது சரி. நான் அங்க சொல்றேன்."

அக்காவுக்கு வலித்தது. நாற்பது வருஷம் நோயாளிகளுக்கு முன்னால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பழகியவர் என்பதால் வெளியே தெரியவில்லை. மனைவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. "வெளிய நிக்கிறதுக்காவது உங்களுக்கு டோக்கன் போட்டாரா, அண்ணி?" என்று கேட்டுவிட்டு, கோழித் தட்டை ஓசையெழ வைத்தாள்.

பெட்டி சார் சொற்பொழிவைத் தொடங்கியிருந்தார். மூன்று நாளாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்தது. "உறவுகளே! இந்தத் திருநாளில் நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு எது? நம் நேரம்!" முப்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். நீலப்பூனை அழுதாள், அழுவதற்கு அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. பெட்டி சாருக்கு உச்சி குளிர்ந்தது. நேரத்தின் அருமையைப் பற்றி அவர் இருபது நிமிஷம் பேசினார்.

அவருடைய தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் விசைப்பலகையில் இருந்தன. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். கோழியை எலும்பில்லாமல் பிய்த்து, உருளைக்கிழங்கோடு சேர்த்து, அவர் வாயருகே கொண்டுபோனார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தார், மென்றார், விழுங்கினார்.

"உப்பு கம்மி" என்றார்.

"போதும்டா உனக்கு" என்றார் அக்கா. ஆனாலும் இன்னும் இரண்டு வாய் கொடுத்தார். பிறகு தன் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டார். மனைவியும் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் முழங்கால் தைலத்தைப் பற்றியும், மகள் வீட்டு மாடிப்படியைப் பற்றியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மைக்கில் விழுகிறது என்று பெட்டி சார் ஒருமுறை உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

எட்டு இருபத்தெட்டுக்குத் தெருவில் ஹாரன் அடித்தது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பெட்டியின் கைப்பிடியை நீட்டிவிட்டார். மனைவியின் கன்னத்தைத் தடவினார். இவர் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றார்.

"நான் கிளம்பறேன்டா."

பெட்டி சார் நிமிர்ந்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தக் கணத்தில் அவருக்கு நெஞ்சை என்னமோ செய்தது. அக்கா போகிறாள், திரும்பி வரமாட்டாள் என்பது அன்று முதல்முறையாக அவருக்கு உறைத்தது. திரையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, மொட்டைத் தலையில் பனி விழ விழ, சாம்பல் சட்டையோடு அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"இரு அக்கா, இரு, ஒரு நிமிஷம்" என்றார். குரல் கரகரத்தது.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஓரடி முன்னால் வந்து, இரண்டு கைகளையும் கொஞ்சம் நீட்டினார். ஹாரன் மறுபடி அடித்தது. பெட்டி சார் திரையின் அடியில் வரிசையாக இருந்த பொத்தான்களை அவசர அவசரமாகத் தேடினார். சிரிப்பு, அழுகை, நடனம், வணக்கம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்து அழுத்தினார். தாத்தா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். முப்பத்திரண்டு பேரும் பார்க்க, பந்தியைத் தாண்டி, தானே கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கிப் போய், அந்த மொட்டைத் தலைப் பெண்ணை இறுகக் கட்டிக்கொண்டார். தலைக்குமேல் சிவப்பு இதயங்கள் பறந்தன.

அக்காவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று பெட்டி சார் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.