மூக்கன் மோந்து பார்த்த கேன்

நீச்சல் குளத்தில் என் தம்பியை எல்லாரும் மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீருக்கு மருந்து போடுகிறவன். கரையில் நின்று மூச்சை இழுத்தே தண்ணீரின் நிலைமையைச் சொல்லிவிடுவான். "குளோரின் நெடி தூக்குனா சுத்தம்னு நினைக்காதக்கா. குளிக்காம எறங்கிட்டாங்கன்னு அர்த்தம்," என்பான். நெடி தூக்கினால் விசில் ஊதி, அத்தனை பேரையும் கரையேற்றிக் குளியலறைக்குத் துரத்துவான். "நாங்க என்ன அழுக்கு மூட்டையா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தால், "மூட்டைய அவுத்து அலசிட்டு வாங்க சார்," என்பான்.

அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபிறகு மத்தியானச் சாப்பாடு நான்தான் கொண்டுபோகிறேன். இந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை சோறு அடிப்பிடித்துவிட்டது. முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு, "நல்லாருக்குக்கா," என்றான். துக்கத்தில் நாக்கு மரத்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மருந்து அறையில் குளோரின் நீலக் கேனில் இருக்கும், ஆசிட் வெள்ளைக் கேனில் இருக்கும். இரண்டும் கலந்தால் விஷப் புகை. போன செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியது எல்லாமே நீலக் கேன். மேலே பேர் ஒட்டியிருந்ததாம். எனக்குத்தான் படிக்கத் தெரியாது, அவனுக்குத் தெரியும். ஆனாலும் வழக்கம்போல மூடியைத் திறந்து மோந்து பார்த்தான், குளோரின் தொட்டிமேல் கேனைச் சாய்த்தான். சாப்பாட்டோடு வாசலில் நின்ற என் தொண்டையை ஒரு வாடை பிடித்தது. தினம் வருகிற வாடை இல்லை.

"டேய், நிறுத்து! அது வேற என்னமோடா!"

"சும்மா இருக்கா. எனக்குத் தெரியாததா?"

அதற்குள் ஒரு சொம்பளவு ஆசிட் விழுந்துவிட்டது. மஞ்சளாகப் புகை கிளம்பியது. சட்டையைப் பிடித்து அவனை வெளியே இழுத்தேன். குளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேர். விசிலை வாயில் வைத்தான். இருமலில் ஊத மூச்சில்லை. நான் சாப்பாட்டுத் தூக்கைக் கம்பியில் அடித்துக் கத்தினேன். பிள்ளைகள் ஏறி ஓடினார்கள். காற்று மறுபக்கம் அடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம், நடந்ததை மேலிடத்துக்கு எழுத மேனேஜர் காகிதம் எடுத்தார். "கேன் கலரை மாத்துனவன் தப்பு. அப்படியே எழுதிடறேன். மூக்கருக்கு ஒண்ணும் வராது."

நான் தம்பியைப் பார்த்தேன். "அந்த வாடை உனக்குத் தெரியலையாடா?"

விசில் கயிற்றை விரலில் சுற்றினான்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"எந்த வாடையும் தெரியலக்கா. ஆறு மாசமாச்சு. சொன்னா வேலையில வச்சுக்குவாங்களா?"

மேனேஜர் பேனாவை நிறுத்தினார். "அம்மா, இதை எழுதுனா மருந்து ரூமுக்குள்ள அவரை விடமாட்டாங்க."

"எழுதுங்க. நாளைக்கும் புள்ளைங்க எறங்கணுமில்ல?"

எழுதினார். மருந்து வேலை இப்போது ஒரு பெண்ணிடம். கேனில் ஒட்டிய பேரை வாய்விட்டுப் படிக்கிறாள். சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிறாள். தம்பி நுழைவாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்கள் குளித்தார்களா, கால் கழுவினார்களா என்று பார்க்கிறான். மூக்கன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. என்மேல் அவனுக்குக் கோபமும் இல்லை. இரண்டு வார்த்தை திட்டினாலாவது தேவலை.

இன்றைக்கும் சோறு அடிப்பிடித்துவிட்டது. வேறு ஆக்கத் தெம்பில்லை, அதையே கொண்டுபோனேன். பாதி தின்றான்.

"எப்படிடா இருக்கு?"

"தெரியலக்கா," என்றான்.