ஹார்ட் ஏஸ் போன பிறகு

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் டம்மி வாய் திறக்கக்கூடாது. ஏலம் எடுத்தவரின் ஜோடிக்குத்தான் அந்தப் பெயர். தன் சீட்டுகளை மேஜைமேல் விரித்துவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு பேர் சீட்டுகளையும் எடுத்தவரே ஆடுவார்; அவர் கேட்கும் சீட்டை டம்மி எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் டம்மி. ஏலம் எடுத்தவர் என் கணவர்.

ஓசூரில் வேலை பார்த்த காலத்தில் பழகிய ஆட்டம் அவருக்கு. ஓய்வுக்குப் பிறகு பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்துவிட்டோம். தருமபுரியில் ஒரு கால்நடை மருத்துவரும் அவர் மனைவியும் ஆடுவார்கள் என்று தெரிந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவோம்.

என் சீட்டில் கிளாவர் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது என்று வரிசையாக இருந்தன. அதைவிடப் பெரிய கிளாவர் ஏஸ் எதிராளியிடம். அதை வெளியே இழுத்துவிட்டால் மிச்சமெல்லாம் எங்கள் பிடி. ஆனால் ஒரு சுற்றைப் பிடித்த சீட்டு யாருடையதோ, அவர் பக்கமிருந்துதான் அடுத்த சீட்டு இறங்கும்; அதனால் ஆட்டம் என் பக்கம் திரும்பி வர வழி வேண்டும். இருந்த ஒரே வழி என் ஹார்ட் ஏஸ். அதைக் கடைசிவரை பொத்திவைக்க வேண்டும்.

மருத்துவரின் மனைவி ஹார்ட் இறக்கினார். என் கணவர் யோசிக்கவே இல்லை.

“ஏஸ் போடு.”

அவர் கையில் ஹார்ட் ராஜா இல்லை போலிருக்கிறது, வேறு வழியில்லாமல் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து கிளாவர் ராஜாவைக் கேட்டார். மருத்துவர் தன் ஏஸை விடவில்லை. அடுத்து இறங்கிய ராணிக்குத்தான் விட்டார். அதை வென்றதும் திரும்ப ஹார்ட் இறக்கினார். என் கணவர் தன் கையிலிருந்து ஹார்ட் ராஜாவைப் போட்டு அதைப் பிடித்தார்.

ராஜா முதலிலிருந்தே அவரிடம்தான் இருந்திருக்கிறது. முதல் ஹார்ட்டை அதை வைத்தே பிடித்து, என் ஏஸைக் காப்பாற்றியிருக்கலாம்.

அவர் ஒரு சின்ன ஹார்ட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “இப்ப ஏஸ் போடு.”

“அது மொதல்லயே போயிருச்சுங்க சார்” என்றார் மருத்துவர்.

“எங்க போச்சு?” என்று என்னிடம் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. காணாமல் போன பொருளைக் கேட்பது போலக் கேட்டார். அப்போது அவர் இடது கையிலிருந்து சீட்டுகள் ஒவ்வொன்றாக நழுவி மடியில் விழுந்தன. விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

மருத்துவர் தன் சீட்டைக் கவிழ்த்துவைத்தார். “சார், ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க பாக்கலாம்.”

நீட்டினார். இடது கை மெல்லத் தாழ்ந்தது.

“எங்கியாச்சும் விழுந்தீங்களா?”

“இல்லீங்களே.”

“போன மாசம் மோட்டார் ரூம் வாசல் நிலையில தலைய இடிச்சுக்கிட்டாருங்க” என்றேன். “ரத்தம்கூட வரல. அப்பப்ப தலவலின்னு மாத்திரை போட்டுக்குவாரு.”

“நான் மாட்டு டாக்டர்தாங்க. ஆனா இது எனக்கு நல்லாப் படல. வூட்டுக்குப் போவேணாம், இப்பவே சேலம் போயிரலாம்.”

மருத்துவர்தான் காரை ஓட்டினார், பக்கத்தில் அவர் மனைவி. தொப்பூர் இறக்கத்தில் எங்களுக்கு முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்தது. முந்தவும் முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு டேங்கர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வந்தது. என் கணவர் என் தோளில் சாய்ந்திருந்தார்.

“யாரு ஏலம் எடுத்தது?”

“நீங்கதாங்க.”

அவர் கண்கள் மூடிக்கொண்டன. மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். அவர் கேட்காமல் இருந்த நேரங்கள்தான் என்னைக் கொன்றன. தூங்கிவிடக் கூடாதே என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருக்கிறது, துளை போட்டு எடுத்தாக வேண்டும் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டது என் பெயர்தானா என்று பிறகு சந்தேகம் வந்தது. அறுவைச் சிகிச்சை நடந்த கதவுக்கு எதிரே மருத்துவரின் மனைவி என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கதவு ஒவ்வொரு முறை திறந்தபோதும் நான் தரையைத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் கண் விழித்துக் காபி கேட்டார். இடது கையால் என் விரல்களை இறுக்கினார். வலித்தது, விடச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அவருக்கு நினைவே இல்லை. வீடு திரும்பியபின் ஆட்டத்தைச் சீட்டு சீட்டாகச் சொன்னேன்.

“ராஜாவ கையில வெச்சுக்கிட்டா ஏஸ போட்டேன்?”

“ஆமாங்க.”

அவர் முகம் வெளுத்தது. தலையில் துளை போட்டதைச் சொன்னபோதுகூட அப்படி வெளுக்கவில்லை.

இப்போது மீண்டும் ஆடுகிறோம். கணக்குத் தப்புவதில்லை. ஆனால் குளிக்கப் போனால் கதவைத் தாழிடுவதில்லை அவர். நான் சொல்லி அல்ல, அவராகவேதான்.