அலுமாரிக்கு மேல் வைத்த மருந்து

நதீரா எனக்கு அடுத்த வளவுக்காரி. கல்முனையில் அவளைப் போல வேகமாகச் சட்டை தைக்கிறவள் இல்லை. அவளைப் போலப் பிடிவாதக்காரியும் இல்லை. புருசன் மௌத்தான பிறகு மெசினை மிதித்தே மகள் அம்ஹாவை வளர்த்தாள், அவளுக்கு ஒரு வீடும் கட்டினாள். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கேதான் வந்து குடியிருப்பார்.

அம்ஹாவுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சீனி வருத்தம். "என்ட புள்ள இனிப்பே தின்னமாட்டாளே!" என்று நதீரா டொக்டரிடம் சண்டைக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். இது இனிப்பால் வந்ததில்லை என்றார் அவர். வயிற்றுக்குள் இருக்கும் சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்கள் வேலைப்பளுவில் திணறினால் புரதங்களைப் பிழையாகச் செய்துவிடுமாம். கிருமியைக் கொல்ல வேண்டிய வெள்ளைக் கலங்கள் அதைக் கண்டு, சொந்தக் கலத்தையே அந்நியமென்று நினைத்து அழித்துவிடுமாம். "இனி ஊசிதான் இவவுக்கு உயிர்" என்றார்.

கல்யாணம் பேசியபோது நதீரா அதை மறைத்தாள். "சொன்னா ஆரு எடுப்பாங்க? வாயப் பொத்திட்டு இரிங்க" என்று என்னையும் அடக்கினாள். சொல்லிச் சொல்லிக் களைத்தேன், கேட்டால்தானே! மாப்பிள்ளை இன்பாஸின் வீட்டுப் பெண்கள் அடிக்கடி வருவார்கள், உரிமையோடு பிரிட்ஜைத் திறப்பார்கள். அந்தப் பயத்தில் மருந்துக் குப்பிகளைத் துணியில் சுற்றி, தகரச் சீற் கூரைக்குக் கீழே அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்தாள். சித்திரை வெக்கையில் அந்த அறைக்குள் நிற்கவே முடியாது.

அம்ஹா புருசனுக்கும் தெரியாமல், தவறாமல் ஊசி போட்டாள். சூட்டில் மருந்துதான் வீரியம் கெட்டுக் கிடந்தது. கல்யாணம் முடிந்து சில வாரங்களில் தண்ணீர் தண்ணீரென்று குடித்தாள், வாந்தியெடுத்தாள். வந்த பெண்கள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று சிரித்தார்கள். நதீராவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், பாவி! மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிந்திவிட்டது. அல்லாஹ்வே, எனக்கு நதீரா மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் ஏசவும் வாய் வருவதில்லை.

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த பிறகு நதீரா, இன்பாஸின் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.  அந்த மனுசி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நானும் ஊசிதானே மச்சி போடுறன். என்ட மருந்தும் எங்கட பிரிட்ஜிலதான் இரிக்கி. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நானே எடுத்து அவக்குப் போட்டுவிட்டிருப்பனே."