இடது கையில் நான்கு கடிகாரங்கள்

என் அப்பாவின் இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நான்கு கைக்கடிகாரங்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்ததை ஏழு வயதில் முதன்முதலாகப் பார்த்தேன். பள்ளிக்குப் பின்னாலிருந்த அட்டைப்பெட்டிக் கிடங்கில் புகை கிளம்பியதால் எங்களை மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். தீயணைப்பு வண்டியின் அருகே, தண்ணீரின் அழுத்தம் காட்டும் முள்ளைவிட்டுக் கண்ணெடுக்காமல் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் அந்த வண்டியின் ஓட்டுநர். பம்பை இயக்குவதும் அவரே என்பதால் உள்ளே போக மாட்டார். சற்று நேரத்தில் கரி படிந்த முகத்தோடு வெளியே வந்த மாமா, அந்த நான்கில் ஒன்றைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாமா அப்படிப் பார்க்கற? உங்கப்பா வாட்ச் கடை வெச்சிக்கினு இருக்காரு. உனக்கு ஒண்ணு வோணுமா?"

மாமா எங்களுக்கு இரத்த உறவு அல்லர். நிலையக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர்; அப்பாவின் வண்டியில் போகும் தீயணைப்பு வீரர். அனலில் உலோகப் பட்டை சூடேறி மணிக்கட்டைப் பொசுக்கிவிடும் என்பதால், உள்ளே நுழைகிறவர்கள் கடிகாரத்தைக் கழற்றி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாளடைவில் அதுவே கணக்காயிற்று. அப்பாவின் இடது கையில் எத்தனை கடிகாரங்கள் மிச்சமோ, உள்ளே அத்தனை பேர் மிச்சம். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத, அந்த நிலையத்துக்கு மட்டுமே உரிய வழக்கம் அது. எளிமையானது, தவறவே தவறாது என்று எல்லோரும் நம்பியது.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நூல் கிடங்கு எரிந்தது. நண்பகல் நேரம். பட்டு எரிந்தால் தலைமயிர் கருகும் வாடை வரும். அன்று அது எங்கள் வகுப்பறை வரை வந்தது. அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அப்பா அதை எத்தனையோ முறை, ஒரு சொல்லும் மாறாமல் சொல்லியிருக்கிறார். உள்ளே போன மூவரும் வெளியே வந்து, கடிகாரங்களை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மாமா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மாடியில் நூல் சுற்றும் பெண் ஒருத்தியைக் காணவில்லை என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். மாமா செம்பை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினார். கடிகாரத்தைக் கழற்றவில்லை. அப்பா முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று அதிகாரி கேட்டார். அப்பா தன் இடது கையைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. "வந்தாச்சுங்க" என்றார்.

கூரை இறங்கிய பிறகுதான் மாமாவைத் தேடினார்கள். அந்தப் பெண்ணோ தேநீர் வாங்கப் போயிருந்தாள். கையில் தூக்குவாளியோடு கூட்டத்திலேயே நின்றிருந்தாள்.

பணியில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களுக்கான நினைவு நாள், பெரும்பாலும் தமிழ்ப் புத்தாண்டன்றே வரும். ஆகவே எங்கள் வீட்டில் அந்த நாள் மாங்காய்ப் பச்சடியோடு தொடங்குவதில்லை. நினைவுத் தூணின் முன்னே தொடங்குகிறது. மலர்வளையம் வைப்பார்கள், ஊதுகொம்பு ஒலிக்கும், எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். அதன் கண்ணியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லின்முன் நிற்கும்போதெல்லாம், இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று கேட்பதிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறதோ என்ற கலக்கம் எனக்கு எழும். அப்பாவின் கலக்கம் வேறு வகையானது. தன் வண்டியில் அவர் ஒரே ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார்: தீ நடக்கும் இடத்தில் யாருக்கும் கடிகாரத்தைத் திருப்பித் தருவதில்லை. எத்தனை முறை உள்ளே போனாலும் வந்தாலும், நிலையத்துக்குத் திரும்பி, ஆளை நேரில் பார்த்த பிறகே அது கைமாறும். இளைஞர்கள் கேலி செய்தார்கள். "அண்ணே, இன்னா அடகுக் கடையா?" ஓய்வு பெறும் வரை அவர் தளரவில்லை.

அக்கா தீயணைப்பு அதிகாரித் தேர்வில் வென்றபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மாமாவின் மனைவிதான் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாலை போட ஆயிரம் பேர் வருவாங்கமா. எண்ணிப் பார்க்க ஒரு ஆள் வோணும். நீ அதைப் பண்ணு" என்றார். அப்பா தலைகுனிந்து நின்றார். அக்கா பக்கத்து ஊர் நிலையத்தில் பொறுப்பேற்றதும், அப்பாவின் விதி அங்கும் போயிற்று.

சென்ற மாதம் அவள் எல்லைக்குள் ஒரு சாயக் கிடங்கு எரிந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கைப்பேசியில் செய்தியோடு ஒரு படமும் வந்தது. அதில் கரும்புகையும் தகரக் கூரையும் மட்டுமே தெரிந்தன. அம்மா திரும்பத் திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் தேர்வுக்கான புத்தகத்தின் ஒரே பக்கத்தை மூன்று மணி நேரம் திறந்து வைத்திருந்தேன். அப்பா வலக்கையால் தன் இடது முன்கையைத் தடவிக்கொண்டே கூடத்தில் நடந்தார். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கைக்கு ஓய்வு இல்லை.

ஆறு மணிக்கு அக்கா வாசலில் நின்றாள். புருவ ஓரம் கருகியிருந்தது. "இத்தினி மிஸ்டு காலாமா? பயந்துட்டு நேரா இங்கயே வந்துட்டேன்" என்றாள். அம்மா அழுதாள். அப்பா அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை; மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே, கடிகாரம் இருந்த இடத்தில், வெயில் படாத வெளுத்த வளையம் மட்டும் இருந்தது.

"வாட்ச் எங்க?"

"டிரைவர் அண்ணன்கிட்ட இருக்குதுபா. வண்டிக்குத் தண்ணி ரொப்பப் போயிருந்தாரு. காலையில வாங்கிக்கறேன்."

"காலையிலயா?" என்றார் அப்பா. "அவன் கையில இன்னும் ஒரு வாட்ச் இருக்குதும்மா. அவனுக்கு நீ இன்னும் உள்ளதான் இருக்கற. போன் பண்ணு."

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே அழைத்தாள். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"அண்ணே, நான்தான். வெளிய வந்துட்டேன்."

மறுமுனையில் அவர் நீளமாக மூச்சுவிடுவது கேட்டது. அப்பா தன் இடது முன்கையிலிருந்து கையை எடுத்தார்.