நாய்க்குக் குறைந்த பத்து ராத்தல்

போன வாரம் ஹட்டனில் மருமகனுடைய கராஜுக்குப் போயிருந்தேன். வேலை ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தால் மகள் கொத்தமல்லிக் கசாயத்தோடு துரத்துவாள், அதற்குப் பயந்துதான். அங்கே ஒரு வேன் எஞ்சினைப் பிரித்துப்போட்டு, மருமகன் ஒரு நீளமான ஸ்பானரால் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இழுத்ததும் ஸ்பானர் 'டிக்' என்றது. உடனே கையை எடுத்துவிட்டார்.

"என்னா மாப்புள, அதுக்குள்ள வுட்டுட்டீங்க?"

"சரியான முறுக்கு வந்தா அதுவே சத்தம் குடுத்துரும் மாமா. அதுக்கு மேல இழுத்தா போல்ட்டு செத்துரும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்கு மேல் இழுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? அது ஒரு பழைய கதை, அதில் ஒரு நாய் ஆட்டுக்கறி தின்று கொழுத்தது. மருமகனிடம் சொன்னால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மகளிடம் போய்ச் சொல்வார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கராஜின் எண்ணெய் நாற்றம்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இதே நாற்றம்தான் இருக்கும். கூடவே வறுபடும் தேயிலையின் வாசமும் சேரும். இரண்டும் கலந்தால் ஒரு மாதிரிப் பசி எடுக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே நான் எந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். நிரந்தரமாக்கவில்லை. கல்யாணமாகி, தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பிரா கிடைத்திருந்தது. மனைவி அங்கம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். என்னைவிடச் சுறுசுறுப்பு, என்னைவிட வாய்.

தோட்டத்தை நடத்திய பெரிய தொரை வெள்ளைக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கார்ப் பைத்தியம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்தால் மலையேற்றக் கார் ஓட்டம் நடக்கும். ஒவ்வொரு காராக நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பி மேலே போக வேண்டும். யார் சீக்கிரம் போகிறாரோ அவருக்குக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தை நான் பார்த்திருக்கிறேன், அரைப்படி அரிசி கொள்ளாது. அதற்காகத் தொரை வருஷம் முழுக்க எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுவார். அவருடைய நாய் மேஜர் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். தொரைசானிக்குப் பின் சீட்டுதான்.

எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டனைக் கீழே சுற்றுகிற தண்டோடு கோத்து வைப்பது கனெக்டிங் ராடு. அதன் கீழ்முனையைக் கவ்விப்பிடிப்பவை இரண்டு சின்ன போல்ட்டுகள். அவ்வளவு ஆட்டத்தையும் தாங்குவது அவைதான். தளர்வாகப் பூட்டினால் கழன்றுவிடும், மிஞ்சிப் பூட்டினால் உள்ளுக்குள் இழுபட்டு, மெலிந்து, நேரம் பார்த்து அறும். அளந்து இறுக்குகிற ஸ்பானர் சீமையிலிருந்து கப்பலில் வருவதாகச் சொன்னார்கள். சீசன் வந்தது, ஸ்பானர் வரவில்லை.

தொரைக்கு ஒரு யோசனை உதித்தது. காரின் புத்தகத்தில் போட்டிருக்கிறது, ஓரடி நீளத்தில் நாற்பது ராத்தல் இழுவை. ஓரடி ஸ்பானர் இருக்கிறது. ராத்தல் காட்ட, கொழுந்து நிறுக்கும் வில்லுத் தராசு இருக்கிறது. ஸ்பானர் நுனியில் தராசுக் கொக்கியை மாட்டு, முள் நாற்பதைத் தொடும்வரை இழு!

"நான் புத்திசாலி, இல்லே?" என்று தமிழில் கேட்டார்.

"ஆமாங்க தொரை" என்றேன். வேறென்ன சொல்வது?

"இந்த வாட்டி போல்ட்டு ஒடைஞ்சா ஒனக்குப் பத்துச்சீட்டு!" என்றும் சொன்னார். பத்துச்சீட்டு என்றால் வேலை போயிற்று, காம்பிராவும் போயிற்று, சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டும். முள் நாற்பதைத் தொட்டதும் கையை எடுத்தேன். ஒரு நூல் கூட மேலே போகவில்லை, முருகன் சத்தியமாக.

அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தொங்கியது மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில். நிறுப்பவர் கணக்கப்புள்ளை. கூடைக்குக் கழிவு, தண்ணீருக்குக் கழிவு என்று அவர் பாட்டுக்குக் கழிப்பார். சொன்ன ராத்தல் சேராவிட்டால் அரைப்பேர், பாதி நாள்தான் வேலை செய்ததாகப் பதிவு. அங்கம்மா தினமும் வந்து, "அந்தக் கணக்கப்புள்ள கண்ணு அவிய!" என்பாள். களவு அவர் கண்ணில் இருக்கிறது, வாயில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தராசை யாரும் சந்தேகப்படவில்லை. அது இரும்பு, அதற்கென்ன ஆசை?

ஓட்டத்தன்று கார் உறுமிக்கொண்டு கிளம்பியதாம். முதல் வளைவில் எஞ்சின் வெடித்து, ராடு அதன் பக்கவாட்டு இரும்பைப் பொத்துக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்த்ததாம். மறுநாள் அந்தி நிறுவை நேரத்தில் தொரை மடுவத்துக்கே வந்துவிட்டார். கையில் அறுந்த போல்ட்டு. நடுவில் இடுப்பு சிறுத்துக் கிடந்தது. பின்னால் மேஜர்.

"நீ ரொம்ப பலமா இழுத்திட்டான்!"

"தராசு நாப்பதுன்னு காட்டுச்சுங்க. அதோட வுட்டுட்டேனுங்க தொரை."

"அப்போ தராசு பொய் சொல்றானா?"

கணக்கப்புள்ளை முந்திக்கொண்டார். "தராசு தங்கமுங்க தொரை! வேணுமின்னா எதையாச்சும் தூக்கிப் பாருங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். நிறை தெரிந்த பொருள் ஒன்று வேண்டுமே? தொரை சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜர் இருந்தது! அந்தச் சீசனில்தான் நாய்க் கண்காட்சியில் நிறுத்து ஐம்பது ராத்தல் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெருமையைத் தொரை தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர்.

கொழுந்துச் சாக்கில் நாயை இறக்கிக் கொக்கியில் மாட்டினோம். தலை மட்டும் வெளியே. வாலை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. கூடையோடு வரிசையில் நின்ற பெண்கள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். முள் ஆடி ஆடி நின்றது. நாற்பது.

தொரை முள்ளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். தொழிலாளர் சங்கத்துத் தலைவர் குடையை மடக்கிக்கொண்டு இரண்டடி முன்னே வந்தார். தராசு பொய் என்றால் அது நாற்பது காட்டியபோது நான் இழுத்தது ஐம்பது, இத்தனை வருஷத்துக் கொழுந்தும் பொய், போட்ட அரைப்பேரெல்லாம் பொய். தராசு சரி என்றால் நான் இழுத்ததும் சரி, என்னை விரட்ட முடியாது. என் காம்பிரா அந்த நாயோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

தொரை தொண்டையைச் செருமினார். "நாய் எளைச்சிருச்சு" என்றார்.

"ரொம்ப எளைச்சிருச்சுங்க!" என்றார் கணக்கப்புள்ளை, கண்ணீர் வராத குறையாக. உடனே உத்தரவு பிறந்தது. மேஜருக்குத் தினமும் ஒரு ராத்தல் ஆட்டுக்கறி, பஜார் பாய் கடையிலிருந்து. எங்கள் லயத்தில் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் மணக்கிற கறி. போல்ட்டு பழசு என்று முடிவாயிற்று. எனக்குப் பத்துச்சீட்டு இல்லை. அந்த நிமிஷம் நாயின் காலில் விழுந்திருப்பேன்.

அப்போதுதான் வரிசையிலிருந்து அங்கம்மா குரல் வந்தது. "நாய்க்குப் பத்து ராத்தல் கொறைஞ்சதுக்குக் கறிங்க. எங்களுக்கு அன்னாடம் கொறையுதே, எங்களுக்கு என்னங்க தொரை?"

வந்த நாளிலிருந்து தமிழ் பேசிய மனிதர், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தமிழ் தெரியாதவராகி, "வாட்?" என்று கேட்டுவிட்டுக் காரில்லாததால் நடந்தே போனார். பெண்கள் சிரித்த சிரிப்பு கீழே ஆற்றுவரை கேட்டிருக்கும். அங்கம்மா சிரிக்கவில்லை. சங்கத் தலைவர் மேலிடத்துக்குச் சொல்கிறேன் என்றார், சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதமே கொழும்பிலிருந்து புதுத் தராசு வந்தது. சிவப்புப் பூச்சு, சுத்தமான நிறை. மடுவத்துக்கு என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டறைக்கு! எஞ்சினுக்கு மட்டும், பூட்டி வைக்க வேண்டும், சாவி என்னிடம். அடுத்த சீசனில் போல்ட்டு ஒன்றும் அறவில்லை, தொரை மூன்றாவதாக வந்தார், என்னை நிரந்தரமாக்கினார்கள். ஓடிப்போய் அங்கம்மாவிடம் சொன்னேன். அவள் கூடைக் கயிற்றின் தடத்தில் நெற்றியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப போல்ட்டுக்கு ஒரு ராத்தல், பொம்பளைக்கு ஒரு ராத்தலா?" என்றாள். சந்தோஷமெல்லாம் வடிந்துபோயிற்று.

மேஜர் கொழுத்து, காரில் ஏற முடியாமல் செத்தது. பங்களாத் தோட்டத்தில் அதற்குக் கல்லறை கட்டினார்கள், இப்போது மேலே பீன்ஸ் போட்டிருக்கிறார்கள். தொரை சீமைக்குப் போனார், சிவப்புத் தராசையும் கூடவே கட்டிக்கொண்டார். கார் போன இடம் தெரியவில்லை. ஸ்டோரை மூடி, தகரத்தையும் கழற்றியாயிற்று. மடுவத்துப் பழைய தராசு மட்டும் அதன்பிறகும் நெடுங்காலம் தொங்கியது. அங்கம்மா கடைசி வருஷம்வரை அதில்தான் நிறுத்தாள். அவளும் போய்விட்டாள். அவள் கேட்டது என்னமோ ஒரே ஒரு கேள்வி. நாய்க்குக் கறி கிடைத்தது, அவளுக்குப் பதில்கூடக் கிடைக்கவில்லை.