லாரிக் காற்று

அப்பாவுக்குக் காட்டத்தான் திண்டிவனத்திலிருந்து இந்தக் கடலோரக் காற்றாலைக்கு அழைத்து வந்தேன். விடுப்பு, நுழைவுச்சீட்டு, வானிலை, எல்லாம் சரிபார்த்திருந்தேன். ஓர் இறக்கைகூடச் சுற்றவில்லை.

சிறுவயதில் கூட்டேரிப்பட்டு நெடுஞ்சாலையோரமும் இப்படி நின்றிருக்கிறோம். காற்றில்லாத நாளில் கேப்பை தூற்ற அப்பா எங்களை அங்கே கூட்டிப்போவார். லாரி கடக்கையில் முறத்தைச் சாய்த்தால் உமி பறக்கும். டீசல் வாடையோடு கழுத்தெல்லாம் அரிக்கும். ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கோ சாலை மறியல். ஒரு வண்டியும் வரவில்லை.

"காத்தும் இல்ல, லாரியும் இல்ல. உன்ன நம்பி வந்தேன் பாருய்யா!" என்றாள் அம்மா. தூற்றாத கேப்பை நனைந்தது.

இப்போது காற்றாலையடியில் எரிச்சலோடு மறுபடி கைபேசியில் வானிலையைப் பார்த்தேன். அண்ணாந்து நின்ற அப்பா சொன்னார்: "இத்த ரோட்டோரம் நட்டிருக்கணும்மா. ஒரு லாரி போனா சுத்திக்கினு இருக்கும்."